மதகுச் சாவி

சுங்கை நீப்பா தோட்டத்துக்கு மதகு ஒன்றுதான்.
சாவி என் இடுப்பில்.
இருபத்தோரு சுற்று சுற்றினால்
நாலாம் பிரிவுச் செம்பனைகளின் காலடித் தண்ணீர்
அல்லூர் வழியே கடலுக்குப் போகும்.
லோரி புதையாது, பழம் அழுகாது,
மேனேஜர் போன் அடிக்கமாட்டார்.

செம்பனை முடிகிற இடத்தில் பாயா.
வெட்டாமல் விட்ட நாற்பது ஏக்கர்.
மனசு வராமல் அல்ல,
ஆழம் தெரியாமல் விட்டது.
நடுவில் கெலாம் மரங்கள்,
மரமெல்லாம் செந்நாரைக் கூடுகள்.
குச்சிமேல் குச்சி போட்ட அவசரக் கட்டடம்;
அடியில் நின்று அண்ணாந்தால்
வானம் ஒழுகும்.

எண்ணச் சொன்னது கம்பெனி.
பசுமைச் சான்றிதழுக்கு ஒரு பாரம்:
கூடுகள் எத்தனை, தேதி, கையெழுத்து.
ஷஃபிகுல் படகைப் பிடித்துக்கொள்ள
மரத்துக்கு மரம் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டேன்.
முதல் வருடம் நூற்றெழுபத்து நாலு.
அடுத்த வருடம் நூற்றெட்டு.
‘மழை பிந்திவிட்டது’ என்று குறிப்பு எழுதினேன்.
அதற்கடுத்து ஐம்பத்து மூன்று.
குறிப்பு எழுதும் கட்டம் சின்னது.

பிந்துவது மட்டுமா?
வந்தால் ஒரே இரவில் மூன்று மாத மழை.
பிறகு மண் வெடிக்க நாற்பது நாள் வெயில்.
கடலும் பழைய கோட்டில் நிற்பதில்லை,
பெரிய ஏற்றத்தில் அல்லூர்வரை வந்து
உப்பை வைத்துவிட்டுத் திரும்புகிறது.
விரால் போச்சு, செப்பாட் போச்சு.
குஞ்சு வாய் பிளக்கும் வாரத்தில் மீன் இல்லை,
மீன் துள்ளும் வாரத்தில் குஞ்சு இல்லை.

சில வக்காக்கள் பெக்கானுக்கே குடிவந்தன,
லியோங் டயர் கடைக்குப் பின்னால், மழைமரத்தில்.
கார் கூரையெல்லாம் வெள்ளை.
நகராண்மைக்குப் போன புகாரில்
ஏழாவது கையெழுத்து என் மனைவி கனகாம்பிகையுடையது.
சட்டை உலர்த்துகிறவள் அவள்தான்,
நான் என்ன சொல்ல?
ரம்பம் வந்த அன்று கடைக்காரர்கள்
குஞ்சுகளை டயருக்குள் போட்டு வைத்தார்கள்.
சாயங்காலம் டயர் மட்டும் இருந்தது.

எனக்குத் தெரிந்தே ஒன்று நடந்தது.
பாயாவும் நாலாம் பிரிவும்
ஒரே தண்ணீரைக் குடிப்பவை.
மரத்தடியில் இடுப்பளவு நிற்கும்வரை
மரநாய் திரும்பிப் போகும்,
குரங்கு யோசிக்கும்.
நான் இருபத்தோரு சுற்று சுற்றிய மறுநாள்
சேற்றில் வரிசையாகக் கால்தடம்.
தடம் முடிந்த இடத்தில் முட்டை ஓடு.
அதன் நிறம் இளநீலம்,
பள்ளிக்கூடச் சட்டை பலமுறை துவைத்த பிறகு வருமே
அந்த நீலம்.

போன டிசம்பரில் பத்தொன்பது கூடு.
மழை பிடித்துக்கொண்டது. போன் அடித்தது.
“மதகு துருப்பிடித்து நிற்கிறது துவான்” என்றேன்.
மறுநாளும் துரு என்றேன்.
பதினோரு நாள் துரு.
செம்பனைகள் முழங்காலளவு நின்றன,
பழம் மிதந்தது, லோரி திரும்பிப் போனது.
புவான் நோராய்னி பூட்ஸ் போட்டு வந்து
சக்கரத்தை ஒரு விரலால் தடவினார்.
விரலில் கிரீஸ், புதுசு.
என்னைப் பார்த்தார்.
பேண்டில் துடைத்துக்கொண்டு
வண்டியில் ஏறிவிட்டார்.
விளக்கக் கடிதம் கேட்டு ஆபீசிலிருந்து தாள் வந்தது;
கேட்டது அவரா வேறு யாருமா,
இன்றுவரை தெரியாது.

பிப்ரவரியில் மதகுக்கு மோட்டார் பொருத்தினார்கள்.
பொத்தான் ஆபீசில், குளிர்சாதனத்துக்குப் பக்கத்தில்.
சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.
கழற்றி வைத்தால் இடுப்பு இளைத்தாற்போல இருக்கிறது.

இந்த வருடம் பாரமும் வரவில்லை.
“எண்ணணுமா அண்ணே?” என்றான் ஷஃபிகுல்,
கேட்டுக்கொண்டே படகை அவிழ்த்தபடி.
சுண்ணாம்புக்கட்டி மழையில் கரைந்திருந்தது.
விரல் விட்டு எண்ணினோம்.
ஒரு கை முடிந்து
மறு கைக்குப் போனபோது
இருவரும் பேசவில்லை.
படகு தானாக
ஒரு மரம் தள்ளி நின்றது.